வெளியூரில் இருப்பவர்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. திருப்பி அனுப்பியவர்கள் காரணம் என்று இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்: "எந்த ஊர்?"

என் தம்பி மகள் கைப்பேசியை நீட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். கல்லூரியில் சேர்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. 'தந்தையின் தற்போதைய இருப்பிடம்' என்ற கட்டத்தில் அவள் 'வெளியூர்' என்று போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த எல்லாத் தாள்களிலும் அப்படித்தான் போட்டாள். போடச் சொன்னது நான்.

"வெளியூர்ல வேலைன்னா சம்பளம் இருக்கும்ல அத்தை? அந்த ஊர்ல போய் வருமானச் சான்று வாங்கிட்டு வரணுமாம்."

"எந்த ஊர்ல?"

"அதைத்தான் அவங்களும் கேக்கறாங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அம்மா தலை நிமிரவில்லை. ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு ரயில் பாதையைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே ஒரு மெத்தைக் கடை. கடைக்கு மேலே ஒரு வீடு. எங்கள் பெண் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது என் தம்பி அந்த வீட்டுக்குக் குடிபோனான், கடைக்குச் சொந்தக்காரியோடு. அவளை நான் குறை சொல்வதில்லை. விலைக்கு வந்ததை வாங்கினாள். விலைக்கு வந்தவன்தான் என் கூடப் பிறந்தவன்.

அவன் போன சில நாளில் மாடிவீட்டுக்காரி பால் வாங்குகிற சாக்கில் வாசலில் நின்று, "தம்பியைக் கண்ணுலயே காணோமே..." என்று இழுத்தாள். "வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு" என்றேன். அரசு மருத்துவமனையில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒன்றை ஒரு தடவை சொன்னால் மறு கேள்வி கேட்கிற வழக்கம் என் வார்டில் கிடையாது. தெருவிலும் யாரும் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அவன் கடையில் போய்த் தலையணை பேரம் பேசி வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் வழியில் என்னைப் பார்த்து, "வெளியூர்லருந்து எப்ப வர்றாரு?" என்று முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்பார்கள். "லீவு கிடைக்கலையாம்" என்பேன். தலையாட்டிக்கொண்டு போவார்கள், கக்கத்தில் தலையணையோடு.

இந்த மனிதர்களின் நாகரிகத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை. ஆனால் அதனால் எனக்குக் காரியம் ஆயிற்று. எங்கள் பெண் வெளியூரில் வேலை பார்க்கிறவர் மகளாகப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவளைப் பார்த்து எவரும் உச்சுக்கொட்டவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவளுக்கும் எல்லாம் தெரியும். ஒருநாள் மாலை புத்தகப் பையைக் கழற்றிக்கொண்டே, "அத்தை, வெளியூர்க்காரர் இன்னிக்கு பஸ் ஸ்டாப்ல நின்னு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டிருந்தார்" என்றாள்.

"உன்னைப் பாத்தானா?"

"பாத்தார். வெளியூர்லருந்து பாக்கற மாதிரியே பாத்தார்."

அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது மருந்தியல் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் உதவித்தொகை ஆணையைக் கல்லூரியில் காட்டினால் இடம் நிற்கும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். என் ஓய்வூதியமும், செருப்புக் கடையில் பில் போடுகிற அவள் அம்மாவின் சம்பளமும் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாக இருக்கும். அதற்குமேல் யாரிடமும் கை நீட்டுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அரசாங்கத்திடம் நீட்டுவதே எனக்குக் கசப்புத்தான். ஆனால் அது நான் வேலை செய்த காலமெல்லாம் பிடித்துக்கொண்ட வரிப்பணம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பெண்ணோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிற ஆளிடம் தெருவில் எல்லாருடைய பாஸ்வேர்டும் இருப்பதால் அவருக்கே பாஸ்வேர்டு என்று பெயர். அங்கே ஒப்பந்தக்காரர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் இருக்கிற மூன்று மாடி வீடு அவருடையதுதான். மகனுக்கு உதவித்தொகை கேட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார். தோள்பட்டையில் கிழிந்த ஒரு சட்டை போட்டிருந்தார். கிழிந்த இடம் உட்படச் சட்டை முழுக்க மடிப்புக் கலையாத இஸ்திரி.

பாஸ்வேர்டு எங்கள் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"இது சிம்பிள் மேட்ரனம்மா. காலமானார்னு போட்டுடுவோம். உடனே பாஸாயிடும்."

"அவன் உயிரோட இருக்கான்."

"இருந்துட்டுப் போறாரு. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

"இறப்புச் சான்று கேக்காதா?"

"அதுக்கு ஒருத்தர் இருக்காரு. நல்ல மனுஷன்."

"என் சர்வீஸ்ல செத்தவங்க முகத்தைத்தான் துணி போட்டு மூடியிருக்கேன். மூச்சு விடறவன் முகத்தை மூடினதில்ல."

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "கௌரவம் பாத்தா காரியம் ஆகுமா மேட்ரனம்மா? என்னைப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். கிழிசலுக்கு இஸ்திரி போட்டது யாரு?"

அவர் தன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வேலைக்காரம்மா" என்றார்.

என் தம்பி மகள் வெளியே வந்துதான் சிரித்தாள். அந்த மட்டும் அடக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உதவித்தொகை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படிக்கட்டுச் சுவர் முழுக்க, காத்திருந்து சாய்ந்தவர்களின் எண்ணெய்த் தலைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. மின்விசிறி அதிகாரியின் மேசைக்கு நேராக மட்டும் சுழன்றது. அதிகாரி ஒரு பெண்மணி. காகிதங்கள் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொருள் வைத்திருந்தார்: பஞ்சிங் மெஷின், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா. எங்கள் விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே இருந்தது.

"நீங்க யாரும்மா?"

"அத்தை. வீட்டை நடத்தறவ."

"அத்தை குடும்பத்துல வர மாட்டாங்க."

"என்னது?"

"குடும்பம்னா அப்பா, அம்மா, கல்யாணம் ஆகாத கூடப்பிறந்தவங்க. அத்தைக்கு இதுல கட்டம் இல்ல." அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். இப்படிப்பட்டவர்களிடம் கோபித்துக்கொள்வதுகூட வீண்.

அப்புறம் அவரே வழியும் சொன்னார். இரண்டு வழி. ஒன்று, தகப்பன் வந்து வருமானச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது, அவன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டான் என்று அவனுடைய ரத்த உறவு ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு ஆள் வருவார். அக்கம்பக்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

"நான் எழுதித் தரேன் மேடம்" என்றாள் பெண்.

"நீயும் உங்க அம்மாவும் தரக்கூடாதும்மா. அப்பா பக்கத்து ஆளா இருக்கணும்." அதிகாரி என்னைப் பார்த்தார். "இதுக்கு அத்தை ஆகும்."

"அதுக்கு என்ன பேரு?"

"எதுக்கு?"

"அந்த இரண்டாவது வழிக்கு."

"கைவிடப்பட்ட குடும்பம்."

நான் எழுந்துவிட்டேன். "நாங்க கைவிடப்படல. ஒருத்தன் போனான். குடும்பம் இருந்த இடத்துலதான் இருக்கு."

"பிரிவோட பேரே அதுதாம்மா. நான் வெச்ச பேரில்ல."

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். தெருமுனை வந்ததும், "அத்தை, வேணாம்னா விட்டுடலாம். நான் அம்மா கடையிலயே கேட்டுப் பாக்கறேன்" என்றாள். மருந்தியல் படிக்க வேண்டியவள் செருப்பு அளவு பார்க்கப் போகிறாளாம்.

அன்று மாலையே நான் ரயில் பாதையைத் தாண்டினேன். அவன் போன பிறகு அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. வருமானச் சான்றில் ஒரு கையெழுத்து. அதைப் போட்டுவிட்டால் எவன் வாயிலும் எங்கள் வீடு விழ வேண்டியதில்லை.

கடையில் மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்தன, பிளாஸ்டிக் உறை கிழிக்காமல். என் தம்பி அவற்றின் நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். தொப்பை விழுந்திருந்தது. முடிக்குச் சாயம் பூசியிருந்தான். நெற்றி ஓரத்தில் தோலுக்கும் கொஞ்சம் பூசியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மெத்தையைத் தட்டினான்.

"உக்காருங்கக்கா."

"நான் நின்னே பேசறேன்."

சொன்னேன். கேட்டுக்கொண்டான். பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்றபோது, "அப்படியா, பரவாயில்லயே!" என்றான், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்கிறவன் மாதிரி. கையெழுத்து என்றதும் கண் மாடிப்படிப் பக்கம் போயிற்று.

"கடை அவ பேர்லக்கா. நான் சும்மா கூடமாட. என் பேர்ல காகிதம் ஏதாவது போனா, ஆள் வருவான், கணக்குக் கேப்பான்... அவளுக்குப் பிடிக்காது."

"உன் மகளுக்காக ஒரு கையெழுத்து."

"புரியுதுக்கா, புரியாம இல்ல." குரலைத் தாழ்த்தினான். முகத்தில் ஒரு தாராளம் வந்தது. "ஒண்ணு பண்ணுங்க. நான் செத்துட்டேன்னே போட்டுக்கங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

பிள்ளைக்குப் பேனா பிடிக்கப் பயந்து, பிணமாகப் படுக்கத் தயாராக இருக்கிற ஆண்பிள்ளை. இவனுக்கு நான் கை பிடித்து எழுதப் பழக்கினேன். இவன் பரீட்சைக்குப் போகும் காலையில் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுத்தேன். இவனுக்காகத்தான் இத்தனை காலம் ஒரு ஊரையே உண்டாக்கி வைத்திருந்தேன். அந்த ஊரில் இருக்கிற ஆள் இவனைவிட எவ்வளவோ மேல். அவனுக்கு வேலை இருந்தது, லீவு கிடைக்காத அளவுக்குப் பொறுப்பு இருந்தது.

"உனக்கு அதுக்குக்கூட யோக்கியதை இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

"அக்கா, ஒரு தலையணையாவது..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியை எதிரே உட்கார வைத்தேன். எழுதிக் கொடுக்கப் போவதைச் சொன்னேன். விசாரணைக்கு ஆள் வந்தால் தெரு முழுக்கப் பேச்சாகும் என்பதையும் சொன்னேன். அவள் விரலில் செருப்புக் கடைப் பசை ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு எப்பவோ பழகிடுச்சு அண்ணி. உங்களுக்குத்தான்..."

 நான் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். 'என் தம்பி தன் மனைவியையும் மகளையும் விட்டுச் சென்றான். இதே ஊரில், ரயில் பாதைக்கு அப்பால், மெத்தைக் கடையின் மேல்மாடியில் வசிக்கிறான். அன்று முதல் ஒரு பைசா கொடுத்ததில்லை.' கைவிடப்பட்ட என்ற சொல் நான் எழுதியதில் எங்கும் கிடையாது. அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "போதும்மா, மீதியை நாங்க போட்டுக்கறோம்" என்றார். போட்டுக்கொள்வார்கள். அவர்களிடம் கட்டம் இருக்கிறது.

விசாரணைக்காரர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பிற்பகல் வந்தார். முதலில் என் வீட்டுக்கு வராமல் தெருவில் விசாரித்திருக்கிறார். அதுதான் முறையாம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினார். முகம் இறுகியிருந்தது.

"அம்மா, பொய்யா எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா? பொண்ணுக்கு இனிமே எந்த உதவித்தொகையும் கிடைக்காது."

"எது பொய்?"

அவர் குறிப்பைப் படித்தார். "டெய்லர் சொல்றாரு, 'தங்கமான மனுஷன், வெளியூர்ல பெரிய வேலை, மாசம் பொறந்தா பணம் அனுப்பிடுவார்.' மாடிவீட்டம்மா சொல்றாங்க, 'போன மாசம்கூட வந்துட்டுப் போனார், கை நிறைய சாமான்.' கான்ட்ராக்டர் சொல்றாரு, 'இந்தக் குடும்பத்துக்கு என்ன குறை.' தெரு மொத்தமும் ஒரே மாதிரி சொல்லுது. நீங்க மட்டும்தான் வேற சொல்றீங்க."

பெண் என் பின்னால் வந்து நின்றாள். 

நான் உண்டாக்கிய ஊர் இவர்களை விட்டுப் போகவில்லை. எனக்குப் பயந்து சொன்னார்களோ, நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார்களோ. ஒப்பந்தக்காரர் மட்டும் நான் அவர் இஸ்திரியைக் கேலி செய்ததற்குப் பதில் மரியாதை செய்தார். மற்றவர்கள் அசடுகள். பணம் அனுப்புகிறான் என்று நான்கூடச் சொன்னதில்லை. அதை அவர்களே கைக்காசு போட்டுச் சேர்த்திருக்கிறார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன். வார்டில் ரவுண்டு போகிறபோது பேசுகிற குரல் அது. தையல்காரர் டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார். மாடிவீட்டுக்காரி படியில் நின்றாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஒப்பந்தக்காரர் நல்ல சட்டையில் இருந்தார்.

"இவர் கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லுங்க."

 தையல்காரர்தான் மெல்லக் கேட்டார்: "எந்த உண்மையை மேட்ரனம்மா?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை."

"நீங்க சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும்" என்றாள் மாடிவீட்டுக்காரி, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல். உத்தரவுக்குக் காத்திருக்கிறாள்.

நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், நடுத்தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"என் தம்பி வெளியூர்ல இல்ல. எப்பவும் இருந்ததில்ல. மெத்தைக் கடை மாடியில இருக்கான். பொண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போனான். இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இப்ப இவர்கிட்ட சொல்லுங்க."

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "சொன்னா நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "எங்க வீட்டு மெத்தையே அங்க வாங்கினதுதான் சார்" என்றார் தையல்காரர். "தெருக்காரங்கன்னு குறைச்சுப் போட்டுக் குடுத்தாரு." மாடிவீட்டுக்காரி படியிறங்கியே வந்துவிட்டாள். "எனக்கு ரெண்டு தலையணை சார். அந்தம்மா மூக்குத்தி போட்டிருக்கும், கொஞ்சம் குண்டு. தலையணையைக் கீழ கொண்டுவந்து காட்டட்டுமா?" ஒருவர் அவன் காலையில் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறான் என்றார். இன்னொருவர் அவனுக்குச் சாயம் போடுகிற சலூன் எது என்றார். இத்தனை காலம் இத்தனையையும் வாயில் அடக்கி வைத்திருந்தவர்களை நான் பேசா மடந்தைகள் என்று நினைத்திருந்தேன். பாவம், வாய் வீங்கிக் கிடந்திருக்கிறார்கள்.

"போதும், போதும்" என்று விசாரணைக்காரரே கையைக் காட்டி நிறுத்தினார். "ஒருத்தர் சொன்னா போதும்."

அப்போதுதான் தம்பி மனைவி வேலை முடிந்து வந்தாள். கையில் குடை, தோளில் பை. அவளைக் கண்டதும் சத்தம் அறுந்தது. மாடிவீட்டுக்காரி உச்சுக்கொட்டத் தயாராக வாயைக் குவித்தாள். என் தம்பி மனைவி கூட்டத்தின் நடுவே நேராக நடந்து வந்தாள். நடை தளரவில்லை. யார் முகத்தையும் தவிர்க்கவுமில்லை.

"வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க. வெயில்ல எதுக்கு நின்னுக்கிட்டு? காப்பி போடறேன்" என்றாள் விசாரணைக்காரரிடம். பிறகு மாடிவீட்டுக்காரி பக்கம் திரும்பி, "உங்களுக்கும் போடவா அக்கா?" என்று கேட்டாள்.

குவிந்த வாய் மூடிக்கொண்டது. "வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்."

நான் இவளுக்கு நிழல் கொடுப்பதாக நினைத்துத்தான் இவ்வளவு காலம் கதவை இழுத்துப் பிடித்திருந்தேன். இவள் பாட்டுக்கு வெயிலில் நடந்து வருகிறாள்.

மாதக் கடைசிக்கு முன்பே செய்தி வந்தது. 'கைவிடப்பட்ட குடும்பம் என்ற பிரிவின் கீழ் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.' பெண் அதை உரக்கப் படித்தாள். அந்த முதல் இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டுப் படித்தாள். ஒப்பந்தக்காரர் மகனுக்கும் அதே நாளில் வந்தது. தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்கள். எங்கள் பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கல்லூரியில் சேர்க்கிற நாளில் நானும் உடன் போனேன். எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். அதிலும் அதே கேள்வி, அதே கட்டம். பெண் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இங்கயும் கேக்கறாங்க அத்தை. என்ன போட?"

"உள்ளூர்னு போடு."

போட்டாள். எழுத்தர் அதை வாங்கி, படிக்காமலேயே முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.